கல்லுத்தோட்டச் சந்தியில் பதினெட்டுப் பெயர்கள்

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, தெருவிளக்குகள் அணையும் முன்னரே, கொட்டாஞ்சேனையில் என் பட்டறை வாசலிலிருந்து புறப்பட்டோம். லொறியின் பின்தட்டில் பழைய மெத்தை ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு கருங்கல் பலகையைப் படுக்க வைத்திருந்தோம். நாலடி உயரம், இரண்டரை அடி அகலம், எழுபது கிலோவுக்குக் கிட்ட எடை. ஏற்றுவதற்கே நான்கு பேர் தேவைப்பட்டார்கள். போகவேண்டிய இடம், இரத்தினபுரி மாவட்டத்தில் கஹவத்தையை அடுத்த ஸ்டோன்லி தோட்டம். அங்கே இருப்பவர்கள் அதைக் கல்லுத்தோட்டம் என்றுதான் சொல்வார்கள்.

நான் கல்லில் பெயர் வெட்டுகிறவள். கல்லறைக் கல், கடைப் பெயர்ப்பலகை, கோயில் உபயக்கல் என்று எது வந்தாலும் செய்வேன். செய்த கல்லை உரியவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். அதன்பின் அது எங்கே நிற்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கல்லோடு மட்டும் கூடவே போகவேண்டும் என்று மனம் சொன்னது. என் அப்பாவின் ஆட்கள் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லொறி கிராண்ட்பாஸ் ரிஸ்வானுடையது. போய் வர இருபத்தெட்டாயிரம் ரூபாய் பேசியிருந்தோம். நகரத்தைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"கல்லறைக் கல்லாக்கா? யாரு மவுத்தானது?"

"பதினேழு பேர், தம்பி. சண்டையில செத்தவங்க."

அவர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு பள்ளத்தில்கூட அவர் வேகமாக இறக்கவில்லை.

இந்தக் கல்லைக் கேட்டு முதலில் எனக்குத் தொலைபேசியில் பேசியவள் செல்வராணி. கல்லுத்தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளுடைய அண்ணன் ரவி கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவன். வேலை முடிந்து போகையில் பஸ்ஸில் வெடித்த குண்டில் இறந்தான். பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து றப்பர் மலையின் சரிவில் புதைத்தார்கள். சில வருடங்களில் மண் சரிந்து அந்த இடமே இல்லாமல் போய்விட்டது. "எங்கண்ணனுக்கு ஒரு பூ வைக்கணும்னாக்கூட எடமில்லீங்க" என்றாள் செல்வராணி அந்த முதல் பேச்சில்.

தன் அண்ணனுக்கு மட்டும் ஒரு கல் செய்திருந்தால் காரியம் எளிதாக முடிந்திருக்கும். அவள் அப்படி நினைக்கவில்லை. எழுபதுகளின் கலவரத்தில் அடிபட்டு, லய வீடுகளுக்கு நெருப்பு வைக்கப்பட்டு, அந்தத் தோட்டத்திலிருந்து பல குடும்பங்கள் வடக்கே வன்னிக்குப் போயின. காடு வெட்டி, கிணறு தோண்டி, நெல்லும் மிளகாயும் போட்டுப் பிழைத்தன. கடைசி யுத்தம் அவர்களை அங்கேயும் வந்து பிடித்தது. அப்படி இறந்தவர்களுக்காகத் தோட்டத்தில் மிச்சமிருந்த உறவினர்கள் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கு வைத்தார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரிவது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. செல்வராணியும் இன்னும் ஆறேழு பேரும் ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் பேசினார்கள். பெயரையும் வயதையும் இரண்டு பேரிடமாவது விசாரித்து உறுதிப்படுத்தாமல் எதையும் எனக்கு அனுப்பவில்லை.

பெயர்களை எந்த ஒழுங்கில் வெட்டுவது என்று நான் கேட்டதற்கு, வயதுப்படி, சின்ன ஆள் முதலில் என்று முடிவெடுத்துச் சொன்னார்கள். அதனால் கல்லின் முதல் வரி ஒரு பெயரே அல்ல. இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் சிங்களத்திலும் "மீனாவின் குழந்தை" என்று இருக்கிறது. பெயர் வைக்கும் முன்பே இறந்துபோன பிள்ளை. தலைப்பு, "யுத்தத்தில் நாம் இழந்தவர்கள்." அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு எஹலியகொடையில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். அவிசாவளை தாண்டியதிலிருந்தே மழையின் வாசனை. சபரகமுவ என்றால் இரண்டு பக்கமும் றப்பர், இடையிடையே தேயிலை, எட்டிப்பார்க்கும் பாறை, எந்த நேரமும் பெய்யக் காத்திருக்கும் வானம். நுவரெலியாவின் தேயிலையைப் படத்தில் பார்த்துவிட்டு மலையகம் இதுதான் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டும். இங்கே குளிர் கிடையாது. வியர்வையும் அட்டையும் உண்டு. தமிழர்கள் கொஞ்சப் பேர்தான். கடையில் சிங்களத்தில் தேநீர் கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் தமிழில் "சீனி போதுமா" என்று கேட்கிற மனிதர்களை எஹலியகொடையிலேயே பார்த்தேன்.

இரத்தினபுரி கொழும்பிலிருந்து நூறு கிலோமீற்றர் அளவில். களு கங்கை செம்மண் நிறத்தில் ஓடியது. பெல்மதுளையில் வலப்பக்கம் எம்பிலிப்பிட்டிய வீதியில் திரும்பி, ஒன்பதரைக்குக் கஹவத்தை போய்ச் சேர்ந்தோம். பஸ் நிலையத்துக்கு எதிரில் செல்வராணி குடையோடு நின்றாள். தொலைபேசிக் குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். லொறியில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் சொன்னாள்.

"அக்கா, கல்லு வைக்க எடமில்ல."

கோயிலுக்குப் பக்கத்தில் தோட்ட நிலத்தில் வைப்பதாக இருந்தது. வாய்ப்பேச்சில் சரி என்றிருந்தார்களாம். ஆட்கள் கற்களைச் சுமந்துவந்து சீமெந்துப் பீடமும் கட்டிவிட்டார்கள். நேற்று மாலை தோட்டத்து ஆபிஸில் கூப்பிட்டு, யுத்தம் சம்பந்தமான எதையும் மேலிடத்து எழுத்து அனுமதி இல்லாமல் தோட்ட நிலத்தில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அனுமதி எப்போது வரும் என்பதற்குப் பதில் இல்லை.

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே. அடுத்த மாதம் வந்திருப்போமே" என்றேன்.

"நீங்க வராம இருந்துட்டா அப்பறம் நடக்காதுக்கா" என்றாள்.

அங்கிருந்து ஆறு கிலோமீற்றர், லொறி தத்தித் தத்தி ஏறியது. தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை, அதையொட்டி ஒரு பஸ் தரிப்பிடம். இந்த நாட்டின் வீதிகளில் பயணம் செய்தவர்களுக்கு அப்படிப்பட்ட தரிப்பிடங்களைத் தெரிந்திருக்கும். இறந்துபோன இராணுவச் சிப்பாயின் பெயரில் பெற்றோர் கட்டியது. முகப்பில் சீருடையோடு ஒரு படம். இங்கே இருந்த படத்தில் சமிந்த என்ற பையன். கடைக்காரர் குணதாசவின் ஒரே மகன்.

குணதாசவை எனக்கு முன்பே பெயரளவில் தெரியும்; தோட்டத்து ஆட்கள் அவரை மரியாதையாக 'மாத்தயா', அதாவது ஐயா, என்பார்கள். இந்த வேலையில் ஆரம்பத்திலிருந்து நின்ற சிங்களவர் அவர்தான். சிங்கள எழுத்துகளைச் சரிபார்த்து அனுப்பியவரும் அவரே. ஆனால் தன் மகனின் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணமும் இருந்தது. சிப்பாய்களுக்கு எங்கும் நினைவுச் சின்னம் உண்டு. எதுவுமே இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் கல் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

லொறி நின்றதும் அவர் கடையிலிருந்து இறங்கிவந்து, பின்தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கல்லை வெகுநேரம் பார்த்தார். பிறகு தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றுத் தரையைக் காட்டி, இங்கே வைக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். தரிப்பிடம் நிற்கும் நிலமும் அதுவும் அவருடைய சொந்தக் காணி. போலீஸோ வேறு யாருமோ வந்து கேட்டால் என்ன செய்வது என்று செல்வராணி கேட்டாள்.

"என் நிலம். என் மகன் பெயரில் விட்ட நிலம். வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சோமாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்" என்றார்.

சோமாவதி அவருடைய மனைவி. கடைக்குப் பின்னால்தான் வீடு. அதற்குள் செய்தி பரவித் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். கோயில் தலைவர் முருகேசு வந்தார். பாக்கியம் அக்கா வந்தார். றப்பர் பால் வெட்டுகிற பெண். அறுபது வயதைத் தாண்டியும் வேலையை விடவில்லை. கல்லின் முதல் வரியில் இருக்கும் குழந்தை அவருடைய அக்காவின் பேரப்பிள்ளை. அக்காவும் அக்காவின் மகள் மீனாவும் அந்தக் கல்லில்தான் இருக்கிறார்கள்.

குணதாச போய்க் கேட்பதற்கு முன்பே சோமாவதி வந்துவிட்டார். அவர் நேரே லொறியிடம் போனார். சிங்கள வரிகளை விரலால் தொட்டு மேலிருந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே விரல் நின்றது.

"பெயர் வைக்கவில்லையா?" என்றார்.

பாக்கியம் அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். பெயர் வைக்க நாள் பார்க்கிற நிலைமை அங்கே இருக்கவில்லை என்றார். எந்த இடத்தில் என்று சோமாவதி கேட்க, பாக்கியம் அக்கா ஊரின் பெயரைச் சொன்னார். சோமாவதி திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். பிறகு கல்லை முழுவதும் வாசித்து முடித்தார். நிலத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. என்னிடம் திரும்பி, நீங்களா வெட்டியது என்றார். ஆமாம் என்றேன்.

"என் மகனையும் எழுத முடியுமா?"

அந்தச் சந்தியில் நின்ற யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. குணதாசவும்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முருகேசு என் பக்கம் சாய்ந்து, அடிக்குரலில், "இது சரிப்படுங்களா? நாளைக்குக் கிளிநொச்சியில இருக்கறவங்க கேட்டா நாங்க என்னாத்த சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த நிலத்தைத் தருகிறவர் கேட்கும்போது மறுப்பது எப்படி என்பதும் அதே அளவு கஷ்டம். ஆனால் நிலத்துக்காக ஒப்புக்கொண்டால் அந்தக் கல்லுக்கு மதிப்பில்லை. செல்வராணிக்கு அது தெரிந்திருந்தது. அவள் யாரையும் பார்க்காமல் பாக்கியம் அக்காவை மட்டும் பார்த்தாள்.

பாக்கியம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சோமாவதிக்கு நேர் எதிரே போய் நின்றார். சிங்களத்தில்தான் கேட்டார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க மகன் சண்டையோட கடைசி மாசங்கள்ல எங்க இருந்தான்?"

"அங்கேதான்" என்றார் சோமாவதி. "அதே பக்கத்தில். அங்கேயேதான் செத்தான். என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறதுக்கு அவன் திரும்பி வரவில்லை."

நியாயம் சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ அவர் முயலவில்லை. கல்லை விட்டுக் கையை எடுத்துக்கொண்டு நின்றார். ஒரு பஸ் வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது. பாக்கியம் அக்கா லொறிக்குப் போய் முதல் வரிமேல் உள்ளங்கையை வைத்தார். அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் அதுவும் சரியான பதிலாகவே இருந்திருக்கும். கல்லோடு அப்படியே கொழும்புக்குத் திரும்பவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நம்ம கோயில் தேர் இழுக்க வந்த புள்ளதானே" என்றார் கடைசியில், முருகேசுவைப் பார்த்து. பிறகு என்னிடம் சொன்னார்: "வெட்டுங்க. சிங்களத்துல மட்டும் வேணாம், தமிழ்லயும் வெட்டுங்க. எங்க ஆளுங்க வாசிக்கணும்."

முருகேசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பீடத்துக்குக் கல் கொண்டுவர ஆள் அனுப்பப் போனார். அவருடைய சம்மதத்தை அப்படித்தான் சொன்னார்.

பட்டறையில் நான் றப்பர் தாள் ஒட்டி, காற்றின் வேகத்தில் மணலைப் பீய்ச்சித்தான் எழுத்துப் பதிக்கிறேன். அந்த இயந்திரத்தைத் தூக்கிவர முடியாது. சின்னத் திருத்தங்களுக்காகக் கையில் பிடிக்கும் வெட்டுக் கருவி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். குணதாசவின் கடையிலிருந்து மின்சாரம் எடுத்தோம். கல்லின் அடியில் ஒரு வரிக்கு மட்டும் இடம் இருந்தது. வயதுப்படி பார்த்தால் சமிந்த நடுவில் வரவேண்டியவன். அதைச் சோமாவதியிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

"அவனுக்கு ஒரு பஸ் தரிப்பிடமே இருக்கிறது. கடைசியில் போடுங்கள்" என்றார்.

லொறியின் தட்டிலேயே முழங்காலிட்டு வேலை செய்தேன். ரிஸ்வான் வயர் நனையாமல் தூக்கிப்பிடித்துக்கொண்டார். கருவியை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும், தூசு எழாமலிருக்க, பாக்கியம் அக்கா றப்பர் பால் பிடிக்கிற சிரட்டையால் தண்ணீர் மொண்டு எழுத்தின்மேல் ஊற்றினார். சோமாவதி என் தலைக்கு மேலே குடை பிடித்தார். இடையில் பாணும் பருப்பும் வந்தன. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாது. முதலில் "சமிந்த" என்று தமிழில் வெட்டினேன். பிறகு சிங்களத்தில். மற்ற வரிகள் மணலால் பதிந்ததால் ஒரே ஆழம். இந்த வரி கையால் வெட்டியது, கொஞ்சம் ஆழம் கூட, கொஞ்சம் கோணல். என் பட்டறையில் அப்படியொரு வரியை வெளியே விடமாட்டேன். அன்றைக்கு அந்த வரியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இல்லை. இத்தனை வருடத்தில் நான் வெட்டியவற்றில் இதைத்தான் நல்லது என்பேன்.

நாலு மணிக்குள் புதிய பீடம் எழுந்துவிட்டது. கோயிலடியில் கட்டியதையே இடித்துக் கற்களைக் கைக்குக் கை மாற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தும் இருபது முப்பது பேர் வந்தார்கள். கல்லைத் தூக்கும்போது எத்தனை கைகள் என்று பார்க்க முடியவில்லை. எழுபது கிலோ கல் சேலை போல எழுந்தது. சீமெந்து இறுகும்வரை இரண்டு பக்கமும் மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள்.

பேச்சுகள் கிடையாது. மாலை போடவும் யாரையும் கூப்பிடவில்லை. அந்தந்தக் குடும்பத்தார் முன்னால் வந்து தங்கள் ஆளின் பெயரை உரக்க வாசிப்பது என்று மட்டும் வைத்திருந்தார்கள். இத்தனை காலம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன பெயர்களை, பெரிய வீதியில், வண்டிகள் போகிற இடத்தில், நிமிர்ந்து நின்று சொன்னார்கள். சிலர் அழுதார்கள். அழுதுகொண்டே சத்தமாகச் சொன்னார்கள். செல்வராணி, "ரவி. எங்கண்ணன்" என்று வாசித்தாள். அந்தச் சின்ன உருவத்திலிருந்து அப்படியொரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு விசும்பலும் அதில் இல்லை.

கடைசி வரி வந்தபோது குணதாச முன்னால் வந்தார். வாய் திறந்தார், குரல் வரவில்லை. சோமாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது கோயில் தலைவர் முருகேசு ஓரடி முன்னால் வைத்து, சாமி புறப்பாட்டில் கட்டியம் சொல்கிற அதே குரலில், "சமிந்த. நம்ம குணதாச மாத்தயா மகன்" என்று சந்தி முழுவதும் கேட்க வாசித்தார்.

எனக்கு அந்த ஊரில் வீடு இல்லை, உறவு இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் நிற்கும்போது, இவர்கள் என் ஆட்கள் என்று பெருமையாக இருந்தது. எந்தக் கட்சியும் எந்த அலுவலகமும் இவர்களுக்காக இதைச் செய்யவில்லை. செய்யவேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பிள்ளைமடுவத்துப் பெண்ணொருத்தியும், பால் வெட்டுகிற பெண்ணொருத்தியும், ஒரு கடைக்காரரும் சேர்ந்து, பெரிய மனிதர்கள் மேசை போட்டுப் பேசியும் முடியாத காரியத்தை ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டார்கள்.

ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ரிஸ்வான் கூலியில் பாதியைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தது தனிக்கதை. செல்வராணி லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசமும் வாங்கக்கா, சும்மா பாத்துட்டுப் போக" என்றாள். வருவேன் என்றேன். வருவேன்.

கொழும்பில் எங்கள் பக்கமும் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. கம்பி வேலி, காவலாளி, வருடத்தில் ஒருநாள் மலர்வளையம். பக்கத்தில் போய்ப் பெயரை வாசித்த யாரையும் நான் கண்டதில்லை, நானும் வாசித்ததில்லை. கல்லுத்தோட்டச் சந்தியில் அப்படி இருக்க வழியில்லை. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் நிற்கவேண்டும். பஸ்ஸோ லேசில் வராது.

லொறியைத் திருப்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கஹவத்தை பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கிய சிலர் தரிப்பிடத்துக்குள் ஓடினார்கள். கையில் சந்தைப் பையோடு ஒரு சிங்களப் பெண் கல்லின் பக்கம் குனிந்து, முதல் வரியைக் காட்டி, இது யார் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டார். பாக்கியம் அக்கா மழையில் நனைந்துகொண்டே அவரிடம் போய்ச் சொல்லத் தொடங்கினார்.